மௌன செபம்: இருபது நிமிடத்தில் இருநூறு பராக்கு. இது செபமா, சும்மா இருப்பதா?

#1 பின்வரிசை

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதமாக ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருக்கிறது. நேரில் யாரிடமும் கேட்கக் கூச்சம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த செபம் எல்லாமே வாயால் சொல்வதுதான். செபமாலை, மன்றாட்டு, நவநாள். அதில் ஒரு குறையும் தோன்றியதில்லை. இந்த வருடம் மூன்று நாள் தியானம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு அருட்சகோதரி, "தினமும் இருபது நிமிடம் ஆண்டவர் முன்னால் உட்காருங்கள். எதையும் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்" என்றார். சரி, செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன்.

நடப்பது இதுதான். காலை ஐந்தேகால். நாற்காலி. கண்ணை மூடி, "ஆண்டவரே, இதோ இருக்கிறேன்" என்கிறேன். அரை நிமிடம் அமைதி. அப்புறம் நேற்று அனுப்பிய கடிதத்தில் ஒருவர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று ஒரு எண்ணம் வரும். மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கடிதம் எழுதி, அதற்கு அவர் போடப்போகும் பதிலையும் நானே எழுதி, அந்தப் பதிலைப் படித்துக் கோபப்பட்டு முடிக்கும்போதுதான் செபத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே நினைவுக்கு வரும். கண்ணைத் திறந்து கைப்பேசியைப் பார்த்தால் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

நான்கு மாதமும் இதே கதை. இந்த நேரத்துக்கு ஒரு செபமாலையாவது சொல்லி முடித்திருக்கலாமே என்று உறுத்துகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், இதை விட்டுவிடவா?

#2 தூக்கக்கலக்கம்

நான்கு நிமிடம் விழித்திருந்தீர்களா! எனக்கு மூன்றாவது நிமிடமே தலை தொங்கிவிடும். இயேசு கெத்செமனியில் செபித்தபோது தூங்கிப்போன மூன்று சீடர்களோடு நாலாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#3 வசனம்_முதலில்

சகோ, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, முறையைத்தான் கேட்கிறேன்.

சீஷர்கள் "எங்களுக்கு ஜெபம்பண்ணப் போதித்தருளும்" என்று கேட்டபோது ஆண்டவர் வார்த்தைகளைத்தான் கொடுத்தார், மௌனத்தைக் கொடுக்கவில்லை. சங்கீதங்கள் நூற்றைம்பதும் வார்த்தைதான். அழுகை, சண்டை, துதி எல்லாம் வாயைத் திறந்து சொன்னவை. இப்போது மௌன ஜெபம் என்று கற்றுக்கொடுப்பவர்கள் பலர் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6:7 கண்டிப்பது அதைத்தானே? அப்புறம் மனதை வெறுமையாக்குவது. வீட்டைப் பெருக்கி ஜோடித்துக் காலியாக வைத்தவன் கதை மத்தேயு 12இல் இருக்கிறது. காலி வீட்டுக்குப் பொல்லாத ஆவிகள்தான் குடி வந்தன, படித்துப் பாருங்கள்.

"சும்மா இரு" என்பது வேறு மரபில் பெரிய உபதேசம். அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து நம் வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டார்களோ என்பது என் பயம்.

#4 நீர்ச்சக்கரம்

இருவருக்கும் பதில் சொல்ல ஆசை. முதலில் பின்வரிசைக்கு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, அவிலாவின் தெரேசாவைத் தெரியுமில்லையா? ஸ்பெயின் நாட்டுத் துறவி, 1515இல் பிறந்தவர், 1582இல் இறந்தவர். செபத்தைப் பற்றி எழுதியவர்களில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது என்பார்கள். அவர் தன் வரலாற்றில், எட்டாம் அதிகாரத்தில், ஒன்றை ஒப்புக்கொள்கிறார். சில ஆண்டுகள் செபத்துக்கு உட்காரும்போதெல்லாம், இந்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்பதில்தான் அவர் காது இருந்ததாம். செப அறைக்குள் நுழையும்போதே மனம் சோர்ந்துவிடும், தன்னைத்தானே பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது என்கிறார். நீங்கள் கைப்பேசியைப் பார்க்கிறீர்கள், அவர் மணி அடிப்பதற்குக் காத்திருந்தார். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபத்துக்கு உட்காரவே அவருக்குத் துணிச்சல் வரவில்லை. புத்தகத்தைத் திறக்காமலேகூடப் போகலாம், ஆனால் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பராக்குப் படை எடுத்து வரும்போது அதுதான் கேடயம் என்கிறார். ஆகவே மடியில் நற்செய்தியை விரித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பராக்கைப் பற்றி அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது 1577இல் எழுதிய நூலில், நான்காம் மாளிகை என்ற பகுதியில் வருகிறது. அதை எழுதும்போதே தலைக்குள் பெரிய ஆறுகள் பாய்வதுபோல இரைச்சல், பறவைகள் கத்துவதுபோலச் சத்தம் என்கிறார். அந்த இரைச்சலோடுதான் உட்கார்ந்து அமைதியைப் பற்றி எழுதுகிறார்! எண்ணங்களை மாவு ஆலையின் கடகடப்புக்கு ஒப்பிடுகிறார். ஆலை கடகடக்கட்டும், நாம் பாட்டுக்கு மாவை அரைத்துக்கொண்டிருப்போம் என்பது அவர் முடிவு. சத்தத்தை நிறுத்தப் போனால் ஆலையையே நிறுத்த வேண்டியிருக்கும், மாவும் கிடைக்காது. இந்தக் கடைசி வரி என்னுடையது, தெரேசாவின் தலையில் கட்டாதீர்கள்.

ஆகவே உங்கள் கணக்கை மாற்றிப் போடுங்கள். இருபது நிமிடத்தில் எத்தனை தடவை ஓடினேன் என்று எண்ணுகிறீர்கள். எத்தனை தடவை திரும்பி வந்தேன் என்று எண்ணினாலும் அதே எண்தான் வரும்.

இனி வசனம்_முதலில் அவர்களுக்கு. ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இது நேற்று வந்த சரக்கு இல்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவான் காசியான் எகிப்தியத் துறவிகளோடு பேசியதை எழுதி வைத்தார். அதில் பத்தாவது உரையாடலில் ஈசாக்கு என்ற பெரியவர் இடைவிடாத செபத்துக்கு ஒரே ஒரு வசனத்தைக் கொடுக்கிறார்: "கடவுளே, என்னை விடுவித்தருளும், ஆண்டவரே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்." திருப்பாடல் 70இன் முதல் வசனம். சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது, கோபம் வரும்போது, தூக்கம் வராதபோது, எப்போதும் இதுதான். மற்ற எண்ணங்களின் சொத்தையெல்லாம் உதறிவிட்டு இந்த ஒரு வசனத்தின் ஏழ்மைக்குள் மனம் ஒடுங்க வேண்டும் என்கிறார். ஏழ்மை என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் சொல்வது வெறுமை இல்லை.

#5 தூக்கக்கலக்கம்

அண்ணா, "எத்தனை தடவை திரும்பி வந்தேன்" கணக்கில் தூக்கத்திலிருந்து திரும்பி வருவதும் சேருமா?

#6 நீர்ச்சக்கரம்

சேரும். ஆனால் முதலில் இரவு சீக்கிரம் படுங்கள்.

#7 வசனம்_முதலில்

ஐயா, காசியானைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்குத்தான் சாதகம். அந்தத் துறவிகள் பிடித்துக்கொண்டது முழு வசனம். அதற்கு அர்த்தம் உண்டு, வேண்டுதல் உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஸ்பென்சர் மடத்துத் துறவிகள், தாமஸ் கீட்டிங் முதலானோர், உருவாக்கிய முறையில் அப்படி இல்லை. நீங்களே ஒரு சின்னச் சொல்லைத் தேர்ந்துகொள்ளலாம். அதன் அர்த்தத்தை யோசிக்கவும் வேண்டாம், உங்கள் சம்மதத்துக்கு அது ஓர் அடையாளம் மட்டுமே என்கிறார்கள். காசியானுக்கும் இதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. ஒரே சங்கிலி என்று சொல்லிக் கடந்துபோகக் கூடாது.

இன்னொன்று. உங்கள் கத்தோலிக்கச் சபையே இதில் ஒருமுறை சூடுபட்டது. மிகேல் தெ மோலினோஸ் என்ற ஸ்பானியக் குரு 1675இல் ரோமில் ஒரு வழிகாட்டி நூல் போட்டார். ஆத்துமா முழுக்கச் செயலற்று இருந்தால் போதும் என்று போய்க் கடைசியில் சோதனையைக்கூட எதிர்க்க வேண்டியதில்லை என்ற இடத்தில் அந்தப் போதனை நின்றது. 1687இல் பாப்பரசர் 11ஆம் இன்னொசென்ட் 68 கூற்றுகளைக் கண்டித்தார். அந்த மனிதர் 1696இல் சிறையிலேயே இறந்தார். அவரைச் சிறையில் போட்டது சரி என்று நான் சொல்லவில்லை. "சும்மா இருப்பது" எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காகச் சொன்னேன்.

#8 நூல்முடிச்சு

கிழக்கு (ஆர்த்தடாக்ஸ்) மரபிலிருந்து ஒரு குரல். இந்தச் சண்டையை நாங்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே போட்டு முடித்துவிட்டோம் :)

கிரேக்கத்திலுள்ள ஆதோஸ் மலைத் துறவிகள் தலை குனிந்து, மூச்சோடு சேர்த்து இயேசு செபத்தைச் சொல்லி உட்கார்ந்திருந்தார்கள். கலாப்ரியாவைச் சேர்ந்த பர்லாம் என்ற அறிஞர் அதைக் கேள்விப்பட்டு, "ஆன்மாவைத் தொப்புளில் வைத்திருப்பவர்கள்" என்று கேலி செய்தார். அவர்களுக்காக வாதாடியவர் கிரகோரி பாலமாஸ். உடம்பும் தூய ஆவியின் ஆலயம்தானே, செபத்தில் அதற்கு மட்டும் ஏன் இடமில்லை என்பது அவர் வாதத்தில் ஒரு பகுதி. 1341இலும் 1351இலும் கொன்ஸ்தாந்தினோப்பிளில் கூடிய சங்கங்கள் பாலமாஸ் பக்கம் நின்றன.

வசனம் சகோதரருக்கு: இயேசு செபத்தில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்பதுதான் முழுச் சொல்லும். லூக்கா 18ஐ எடுத்தால் இரக்கம் கேட்ட ஆயக்காரனும் எரிகோ குருடனும் அதே அதிகாரத்தில் நிற்கிறார்கள். குருடனை எல்லோரும் அதட்டினார்கள், அவன் முன்னைவிட அதிகமாக அதையே கூப்பிட்டான். ஆண்டவர் அவனை வீண்வார்த்தை அலப்பாதே என்று கண்டித்தாரா? நின்று, கூட்டிவரச் சொன்னார். மத்தேயு 6:7 திரும்பச் சொல்வதைக் கண்டிக்கவில்லை, அதிக வசனிப்பால் கடவுளை மசியவைக்கலாம் என்ற நினைப்பைக் கண்டிக்கிறது. கெத்செமனியில் ஆண்டவரே மறுபடியும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார், மத்தேயு 26:44.

என்னிடம் நூறு முடிச்சுள்ள கம்பளிக் கயிறு ஒன்று உண்டு. விரல் ஒரு முடிச்சிலிருந்து அடுத்ததற்கு நகரும் நேரம்தான் என் செபம். சில நாள் கயிறு முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் எதைச் சொல்கிறேன் என்பதே காதில் விழும். மூச்சுப் பயிற்சியெல்லாம் வழிகாட்டி இல்லாமல் செய்ய வேண்டாம். எங்கள் பெரியவர்களே எச்சரிப்பார்கள்.

#9 நெறியாளர்

உரையாடல் நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும். "உங்கள் சபை, எங்கள் சபை" மட்டும் கொஞ்சம் குறையட்டும்.

#10 நீர்ச்சக்கரம்

காசியானுக்கும் கீட்டிங்குக்கும் நடுவில் பள்ளம் என்றீர்கள் ஐயா. ஒத்துக்கொள்கிறேன், பள்ளம் உண்டு. நடுவில் ஒரு பாலமும் உண்டு. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய "அறியாமையின் மேகம்". ஒரே அசையுள்ள சொல் போதும், "கடவுள்" என்றோ "அன்பு" என்றோ (அவர் மொழியில் இரண்டும் ஓரசைதான்), அதை இதயத்தோடு கட்டிக்கொள் என்கிறார். எண்ணம் வந்து "என்ன தேடுகிறாய்?" என்று கேட்டால் அந்த ஒரு சொல்லையே பதிலாகக் கொடு, விளக்கம் கொடுக்காதே. ஸ்பென்சர் துறவிகள் எடுத்தது இங்கிருந்துதான். அவர்கள் இன்னும் எளிதாக்கிவிட்டார்கள், அதில் கொஞ்சம் நீர்த்தும் போயிற்று என்பது என் கருத்து. ஆனால் மேகத்தை எழுதியவர் வெறுமையைத் தேடவில்லை. எண்ணத்தால் கடவுளைப் பிடிக்க முடியாது, அன்பால் முடியும் என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். அறை காலி இல்லை ஐயா. விளக்கை அணைத்திருக்கிறார்கள், உள்ளே ஒருவர் இருக்கிறார்.

மோலினோஸ் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அவருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே தெரேசா இந்த ஆபத்தைக் கண்டார். தன் வரலாற்றில் 22ஆம் அதிகாரம் முழுக்க ஒரே புலம்பல். உயர்ந்த செபத்துக்குக் கிறிஸ்துவின் மனித உருவத்தை நினைப்பதுகூடத் தடை என்று சில நூல்கள் சொன்னதை நம்பி அவர் கொஞ்ச காலம் ஏமாந்தார். பின்னால் அதை நினைத்து நினைத்து வருந்துகிறார். நாம் தேவதூதர்கள் இல்லை, நமக்கு உடம்பு இருக்கிறது என்கிறார். ரோம் 1989இல் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஒரு கடிதம் வெளியிட்டது. அதில் இட்ட தேதி அக்டோபர் 15, தெரேசாவின் திருநாள். பிற மரபுகளின் முறைகளை முன்கூட்டியே தள்ளிவிட வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. உடம்பு தளர்ந்து இதமாக இருப்பதைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணி ஏமாறாதே என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

நானே ஏமாந்திருக்கிறேன். தொடங்கி மூன்றாவது வருடம் உட்கார்ந்தாலே உள்ளங்கை சூடாகும், நெஞ்சு லேசாகும். பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு நாள் அப்படி எழுந்து வந்த ஐந்தாவது நிமிடம், மேசையில் தண்ணீரைக் கொட்டிவிட்ட என் மகள்மேல் பாய்ந்தேன். பிள்ளை பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. சூடான உள்ளங்கையைப் பிறகு நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

#11 அந்திப்பொழுது

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இன்று எழுதத் தோன்றியது.

அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து மௌன செபம் தொடங்கினேன். எல்லோரும் அமைதி கிடைக்கும் என்றார்கள். எனக்கு நேர் எதிராக நடந்தது. பகலெல்லாம் வேலையில் மூடி வைத்திருந்தது, இருபது நிமிடம் மூடியைத் திறந்ததும் பொங்கி வந்தது. கடைசி வாரம் அவர் தண்ணீர் கேட்டார், மருத்துவர் சொல்லியிருந்ததால் நான் பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தேன். அவர் பஞ்சைச் சப்பிய அந்தச் சத்தம். கண்ணை மூடினால் வேறு எதுவும் கேட்காது.

இது இருண்ட இரவு, செபத்தில் கடவுள் தரும் வறட்சி என்று எங்கேயோ படித்துவிட்டு, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, செபம் மட்டுமில்லை, எதுவுமே வேண்டியிருக்கவில்லை. கடைசியில் என் ஆன்ம வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாகத் தூங்கவில்லை?" இரண்டாவது, "மருத்துவரைப் பார்த்தாயா?"

பார்த்தேன். மாத்திரை, ஆலோசனை இரண்டும் நடந்தது. அந்த மாதங்களில் மௌனத்தை நிறுத்திவிட்டு வெறும் பரலோக மந்திரம் (இயேசு கற்பித்த செபம்) மட்டும் சொன்னேன், அதுவும் நடந்துகொண்டே. இப்போது மறுபடி உட்கார்கிறேன், பத்து நிமிடம். அப்பா வருவார். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் எழுதினேன்.

#12 நீர்ச்சக்கரம்

தங்கையே, எழுதியதற்கு நன்றி. நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டியது, விட்டுவிட்டேன்.

உங்கள் வழிகாட்டி கேட்டது சிலுவையின் யோவான் என்ற ஸ்பானியத் துறவி காட்டிய வழிதான். "இருண்ட இரவு" எழுதியவரே அதன் முதல் நூல் 9ஆம் அதிகாரத்தில் வறட்சி வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார் என்கிறார். மனச்சோர்வு நோயாலும் வரலாம் என்று பெயர் சொல்லியே எழுதுகிறார், 16ஆம் நூற்றாண்டில்! இரவு என்றால் கடவுள் விஷயத்திலும் சுவை இல்லை, உலக விஷயத்திலும் இல்லை, ஆனாலும் கடவுளை விட்டு விலகிவிட்டேனோ என்ற தவிப்பு மட்டும் அணையாமல் இருக்கும். பழையபடி யோசித்துத் தியானிக்கவும் முடியாது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறார். தொலேதோவில் ஒன்பது மாதம் ஒரு சிறு அறையில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். துன்பம் எதுவானாலும் அதற்குப் புனிதப் பட்டம் கட்டிவிடவில்லை.

நீங்கள் பரலோக மந்திரத்துக்குத் திரும்பியதும் கீழிறக்கம் இல்லை. வாய் செபம் தவிர எதுவும் வராத ஒரு வயதான கன்னியர் தெரேசாவிடம் வந்து அழுதார். என்ன சொல்கிறாய் என்று கேட்டால் பரலோக மந்திரம்தான். ஆனால் அதைச் சொல்லும்போதே அவர் ஆழ்நிலையில் இருப்பதைக் கண்டு தெரேசாவுக்குப் பொறாமையே வந்ததாம். பின்வரிசை, உங்கள் செபமாலைக் கவலைக்கும் இது பதில். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

#13 வசனம்_முதலில்

சகோதரி அந்திப்பொழுது, உங்களுக்காக ஜெபிக்கிறேன். வார்த்தைகளால்தான் :)

#14 பின்வரிசை

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மடியில் நற்செய்தியை வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். இருபது நிமிடத்தைப் பதினைந்தாகக் குறைத்தேன். சொல் எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை, மனம் ஓடியது தெரிந்ததும் விரலால் பக்கத்தைத் தொட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டேன். இப்போது நேரம் தெரியாததால் முடிந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போகத் தோன்றுகிறது. இந்த வாரம் இரண்டு நாள் போய்ப் பார்த்தும் விட்டேன். ஒரு நாள் ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அந்தக் கடிதத்தில் பெயர் சரியாகத்தான் எழுதியிருந்தேன், போய்ப் பார்த்தேன்.

#15 வசனம்_முதலில்

சகோ, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லை உச்சரித்துக்கொண்டே இருக்கும் முறையில் எனக்கு இன்னும் சம்மதமில்லை, அது நிற்கட்டும். ஆனால் போன வாரம் சங்கீதம் 131ஐ வாசித்தேன். மூன்றே வசனம். "தாயின் பால் மறந்த குழந்தையைப்போல" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பால் குடிக்கும் குழந்தை தாயிடம் ஏதோ வேண்டும் என்று அழும். பால் மறந்த குழந்தைக்கு எதுவும் வேண்டாம், மடி மட்டும் போதும். புத்தகத்தை மூடாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

நீர்ச்சக்கரம் ஐயா, தெரேசாவின் 22ஆம் அதிகாரம் தமிழில் கிடைக்குமா?

#16 தூக்கக்கலக்கம்

நேற்று பதினொரு நிமிடம் விழித்திருந்தேன். சாட்சிக்கு ஆள் இல்லை, நம்புங்கள்.